ஆற்றைக் குடிக்கும் கிணறு

“கிணற்று நீரை வெள்ளமா கொண்டு போகும்?” என்பது நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பழமொழி. கையிலுள்ள பொருள் எங்கும் ஓடிவிடாது, ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரியோர் இதனைச் சொல்வர். கிணற்று நீரை வெள்ளம் கொண்டு போகாது என்பது மெய்யே. ஆனால் இதனைத் திருப்பிப் போட்டு ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வோம்? ஆற்று நீரைக் கிணறு கொண்டு போகுமா?

கொண்டு போகும். அதுவும் ஆற்றங்கரையில் நிற்பவன் கண்ணுக்குப் புலப்படாமல், முப்பது நாற்பது ஆண்டு பொறுத்திருந்து கொண்டு போகும். இவ்வுண்மையை அறிஞர்கள் நெடுங்காலமாக இருந்து ஆராய்ந்துவரும் இடங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே அரிசோனா மாநிலத்தில் உள்ள சான் பெத்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. இவ்வாரம் அவ்வாற்றின் கதையைப் பேசுவோம். புவியியல் பயிலும் மாணவர்கள் இதனைச் சற்று ஊன்றிப் படிப்பது நன்று. தரைக்கீழ்நீரைப் பற்றிப் பலரும் கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணம் இக்கதையில் வெளிப்படையாகின்றது.

மகாவலியைக் கண்ட கண்ணுக்குச் சான் பெத்ரோவை ஆறென்று சொல்ல நாக் கூசும். மெக்சிக்கோ நாட்டின் சொனோரா மாநிலத்தில், கனனேயா என்னும் செப்புச் சுரங்க நகருக்கு அண்மையில் அது தோன்றுகின்றது. நாட்டெல்லையைக் கடந்து வடக்கு நோக்கி ஓடி, ஏறத்தாழ 140 மைல் சென்று ஹீலா ஆற்றிற் கலக்கின்றது. யூன் மாதத்தில் வேட்டியை மடித்துக் கட்டாமலே இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்துவிடலாம். பல இடங்களில் வெறும் மணலே கிடக்கும். ஆயினும் வறண்ட அப்பிரதேசத்தில் அணை எதுவும் குறுக்கிடாமல் ஓடும் ஆறுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அச்சிலவற்றுள் இது ஒன்று. இரு கரையிலும் பஞ்சுபோல விதை பறக்கவிடும் கொட்டன்வூட் மரங்களும் வில்லோ மரங்களும் செறிந்து, பழுப்பு நிறப் பெருவெளியின் நடுவே பச்சைப் பட்டு நாடாவொன்றை விரித்தாற்போல் நிற்கின்றன. அந்நாடாவில் 100க்கு மேற்பட்ட பறவையினங்கள் கூடு கட்டுகின்றன. இன்னும் 250 இனங்கள் வரையில் வழிப்போக்கராகவும் குளிர்கால விருந்தினராகவும் வந்து தங்கிச் செல்கின்றன. 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆற்றின் சுமார் 40 மைல் நீளத்தையும், அதனைச் சூழ்ந்த சுமார் 57,000 ஏக்கர் நிலத்தையும் காப்பு நிலமாகச் சட்டமியற்றி ஒதுக்கியது.

மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பதின்மூன்று பதினான்கு அங்குலத்துக்கு மேற்படுவதில்லை. அதிலும் பெரும்பகுதி யூலை தொடக்கம் செப்தெம்பர் வரையில் இடிமின்னலோடு கொட்டித் தீர்ந்துவிடும். ஏப்பிரல், மே, யூன் மாதங்களில் வானம் பித்தளைத் தட்டுப் போலக் காய்ந்து கிடக்கும். அப்படியானால் யூன் மாதத்தில் ஆற்றில் ஓடும் நீர் யாருடைய நீர்? மேகத்தினுடையது அன்று, அன்றைய மேகத்தினுடையது அன்று என்று சொல்வதே சரி.

பள்ளத்தாக்கின் மேற்கே ஹுவாச்சுக்கா என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அதன் மிக உயர்ந்த சிகரம் 9,400 அடிக்கு மேற்பட்டது. மலையில் மழை கூடுதலாகப் பெய்யும். மாரியில் உறைபனியும் விழும். அந்நீர் மலையடிவாரத்துக் கல்லிலும் பரலிலும் ஊறி இறங்குகின்றது. பள்ளத்தாக்கின் அடியிலே ஊழிக்காலமாக வந்து குவிந்த மணலும் பரலும் களியும் மிகுந்த தடிப்பில் நிறைந்துள்ளன. அவற்றின் நுண்ணிய இடைவெளிகளினூடாக, ஆண்டுக்கு இத்தனை அடி என்று கணக்கிடத்தக்க மந்த நடையில், அந்நீர் கீழ்நோக்கி நகர்ந்து வருகின்றது. இறுதியில் பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடமாகிய ஆற்றுப் படுகையில் கசிந்து வெளிப்படுகின்றது. கரியணுக்களைக் கொண்டு வயது பார்த்தபோது, அத்தரைக்கீழ்நீரின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுடையது என்று தெரியவந்தது. மழையில்லாத நாளில் ஆற்றைத் தாங்கி நிற்கும் இக்கசிவை நீரியலார் அடியோட்டம் என்பர். வெள்ளம் ஆற்றுக்கு விருந்து. அடியோட்டமே அதற்கு அன்றாடச் சோறு.

அடியோட்டத்துக்கு ஆறு மட்டும் உரிமைக்காரன் அன்று. கரையிலுள்ள மரங்களும் அதே நீரையே வேரால் உறிஞ்சுகின்றன. கோடையில் நண்பகலுக்குப் பின் மரங்கள் குடிக்கக் குடிக்க ஆற்றின் மட்டம் சற்றே தாழ்ந்து, இரவில் அவை ஓய்ந்தபின் மறுபடி உயர்வதை அளவைக் கருவியிற் காணலாம். இலையுதிர் காலம் வந்ததும், ஒரு துளி மழையும் பெய்யாமலே ஆற்றில் நீர் கூடும். மரமும் ஆறும் ஒரே பானையில் உண்ணும் உடன்பிறப்புகள் என்று கொள்க.

இப் பானையில் மூன்றாவதாகக் கைவைத்தவன் மனிதன். அவன் அங்கு வந்து குடியேறிய வரலாறு சுவையானது. 1877இல் அமெரிக்கப் படையினர் ஹுவாச்சுக்கா மலையடியில் ஒரு பாசறை அமைத்தனர். அதே ஆண்டில், அம்மலைநாட்டில் உலோகம் தேடித் திரிந்த ஒருவரைப் பார்த்து, “உனக்கு அங்கே கிடைக்கப்போவது உன் கல்லறைக் கல்லே” என்று படைவீரர் கேலி செய்தனராம். அவர் கண்டெடுத்தது வெள்ளி. அவ்விடத்தில் 1879இல் எழுந்த நகருக்குக் கல்லறைக் கல் என்னும் பொருள்பட ரூம்ஸ்ரோன் என்றே பெயராயிற்று. நகரில் தண்ணீருக்குப் பெருந்தட்டு. வெள்ளிக்கல்லை அரைக்கும் ஆலைகளை நகரில் வைக்க வழியின்றி, மைல்கள் பல தாண்டிச் சான் பெத்ரோக் கரையில், சார்ள்ஸ்ரன் என்னும் ஊரில் வைத்தார்கள். ஆனால் 1881இல் சுரங்கம் ஏறத்தாழ 500 அடி ஆழத்தை எட்டியதும், அடியிலிருந்து நீர் பொங்கத் தொடங்கியது. மேலே குடிக்க நீரில்லை. கீழே இறைத்து முடியவில்லை. இராட்சத இயந்திரங்களை வைத்து இறைத்தும், 1886இல் அவ்வியந்திரசாலையொன்று தீக்கிரையானபின் சுரங்கத் தொழில் நொடிந்தது. தரைக்கீழ்நீர் என ஒன்று அங்கு உண்டு என்பதை அவ்வூரார் அறிந்துகொண்டது இவ்வாறு அதனோடு மல்லுக்கட்டியே.

வெள்ளி போயிற்று, பாசறை நின்றது. 1954இல் மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் நிலையமாக அது புத்துயிர் பெற்றது. அதன் வாயிலில் முளைத்த சியரா விஸ்தா என்னும் ஊர் 1956இல் நகராயிற்று. 1960இல் அங்கு இருந்தோர் சுமார் 3,000 பேர். 1971இல் பாசறையையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்ட அந்நகரில் 2020இல் 45,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தெளிந்த வானமும், மலைக்காட்சியும், இளஞ்சூடான மாரியும் கண்டு ஓய்வுபெற்றோர் பலர் அங்கு வந்து வீடு கட்டுகின்றனர். நகருக்கு வெளியே, தனித்தனி வளவுகளில், தனித்தனிக் குழாய்க்கிணற்றோடு குடியிருப்போரும் பலர். நிமிடத்துக்கு 35 கலனுக்கு மேல் இறைக்காத சிறு கிணறுகளை அம்மாநிலச் சட்டம் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. பாசறை, நகர், தனி வீடு ஆகிய மூன்றும் நம்பியிருப்பது நிலத்தின் கீழுள்ள நீரையே. ஆற்றில் ஒருவரும் குழாய் வைக்கவில்லை. “ஆற்றை நாம் தொடவேயில்லையே!” என்று அவர்கள் சொல்வதில் பொய்யொன்றும் இல்லை.

இங்கேதான் சார்ள்ஸ் வேர்ணன் தைஸ் என்பவரை நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய வேண்டும். 1900இல் பிறந்த இவர், 1930இல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைப் பகுதியிற் சேர்ந்து நியூ மெக்சிக்கோவின் வறண்ட நிலங்களிற் பணியாற்றினார். கிணற்றில் நீரிறைக்கும்போது சூழவுள்ள நீர்மட்டம் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தூரம் தாழும் என்பதற்குச் சரியான கணக்கு அந்நாளில் இல்லை. சூடான தகட்டில் ஓரிடத்தைக் குளிர வைத்தால் சுற்றியுள்ள வெப்பம் அவ்விடத்தை நோக்கி ஓடுவது போலவே, கிணற்றை நோக்கி நீரும் ஓடுகின்றது என்று தைசுக்குத் தோன்றியது. வெப்பத்துக்குக் கணிதம் ஏற்கெனவே உண்டு. சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்த தம் நண்பர் கிளாரென்ஸ் லூபினுக்குக் கடிதம் எழுதி அக்கணிதத்தைக் கேட்டார், லூபினும் அனுப்பிவைத்தார். 1935இல் கட்டுரை வெளியாயிற்று. இதிற் கணிதமாக நான் செய்தது அற்பம், என் பெயர் வேண்டாம் என்று லூபின் மறுத்துவிட்டாராம். இன்று உலகெங்கும் கிணற்றைச் சோதிக்கும் பொறியியலாளர் கையாளுவது அவ்வற்பத்தைத்தான்! பெயருக்காக அடிபடும் கல்விமான்கள் இதனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாண்டு கழித்து, 1940இல், தைஸ் இன்னொரு சிறிய கட்டுரை வரைந்தார். கிணற்று நீர் எங்கிருந்து வருகின்றது என்பதே அதன் பொருள். கிணறு தோண்டப்படுமுன் தரைக்கீழ்நீருக்கு வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். மலையிற் புகுவது ஆற்றிலும் மரத்திலும் வெளியேறும். புதிதாக ஒரு கிணறு இறைக்கத் தொடங்கினால், அந்நீர் மூன்று வழிகளில் மட்டுமே வரக்கூடும் என்றார் அவர். ஒன்றில் வரவு கூட வேண்டும். அல்லது பழைய செலவு குறைய வேண்டும். அல்லது சேமிப்புக் கரைய வேண்டும். நாலாவது வழி கிடையாது. படிக்கும்போது, இதிலென்ன புதுமை என்றே எவருக்கும் தோன்றும். ஆயினும் அரசாங்க அலுவலகங்களில் அமர்ந்து நீர்க்கணக்குப் போடுவோர் மிகப் பலர் பின்னரும் பல்லாண்டுகளாக இதனை மறந்தே கணக்குப் போட்டனர். மழையால் இவ்வளவு வரவு, அதற்குள் இறைத்தால் பழுதில்லை என்பதே அவர்கள் கணக்கு.

அக்கணக்கின் குற்றத்தை விளக்க ஓர் உவமை சொல்வோம். கோவிலை அடுத்த அன்னதான மடமொன்றுக்கு நாளாந்தம் பத்து மரக்கால் அரிசி வருமதி. அதனைப் பத்துக் குடும்பத்தார் ஆளுக்கொரு மரக்காலாக வாங்கிச் செல்கின்றனர். மடத்தின் பின்புறத்தில் முன்னோர் நிரப்பி வைத்த பெரிய களஞ்சியமொன்றும் உண்டு. புதிதாக வந்த மணியகாரர் தமக்கென நாலு மரக்கால் எடுக்கத் தொடங்குகின்றார். “வருமதி பத்து, நான் எடுப்பது நாலு, பாதிகூட இல்லையே!” என்கின்றார். பத்துக் குடும்பமும் முன்போலவே வந்து வாங்குவதால், அவருடைய நாலு மரக்காலும் முதலிற் களஞ்சியத்திலிருந்தே போகின்றது. களஞ்சியம் பெரிது. ஆண்டுக்கணக்காக எவருக்கும் குறை தெரியாது. மணியகாரர் நல்லவர் என்று பெயரும் எடுத்துவிடுவார். களஞ்சியம் தாழத் தாழ, வரிசையின் கடைசியில் நிற்பவர் ஒரு நாள் வெறும் பெட்டியோடு திரும்புகின்றார். அப்பொழுதும் மணியகாரர் எடுப்பது வருமதியிற் பாதிக்குக் குறைவுதான்!

சான் பெத்ரோவில் மணியகாரர் கிணறு. வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் ஆறும் மரமும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து இதனைப் படிப்போர், நமக்கு ஆறேது என்று நினைக்கலாம். வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுவது. ஆயினும் தைஸ் சொன்ன மூன்று வழிகளுக்கு நம் சுண்ணாம்புக்கல்லும் விலக்கன்று. மழையால் நம் நிலத்துட் புகும் நன்னீரின் ஒரு பங்கு கடலோரத்திற் கசிந்து வெளியேறுகின்றது. கீரிமலைக் கேணியில் அதனைக் கண்ணாற் காணலாம். கிணறுகள் மிகுதியாக இறைத்தால் குறைவது அக்கசிவே. அது குறைந்த இடத்தில் உவர்நீர் உள்ளே நகர்கின்றது. இது தனியே விரித்தெழுத வேண்டிய பொருள். இங்கே இவ்வளவோடு விட்டு, ஆற்றுக்குத் திரும்புவோம்.

களஞ்சியம் கரைந்து முடிய எத்தனை காலம்? கிணறு ஆற்றுக்கு அண்மையில் இருந்தால் விரைவில். ஆறேழு மைல் தள்ளியிருந்தால் ஒரு தலைமுறை, இரு தலைமுறை. நிலத்தின் அடியில் உள்ளது மணலா களியா என்பதும் இதனை மாற்றும். அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைப் பகுதியினர் 2007இல் இப்பள்ளத்தாக்கின் தரைக்கீழ்நீருக்கு ஒரு கணினி மாதிரி அமைத்து வெளியிட்டனர். மெக்சிக்கோப் பக்கத்தையும் அதிற் சேர்த்துக்கொண்டனர். நீருக்கு நாட்டெல்லை தெரியாதாகையால் அது வேண்டிய காரியமே. அதனைக் கொண்டு 2008இல் நிறந்தீட்டிய படங்கள் சில வெளியாயின. இந்த இடத்தில் கிணறு தோண்டினால், பத்தாம் ஆண்டில் அது இறைக்கும் நீரில் எத்தனை பங்கு ஆற்றிலிருந்தும் மரங்களிலிருந்தும் பறித்ததாயிருக்கும், ஐம்பதாம் ஆண்டில் எத்தனை பங்கு என்பதை அப்படங்கள் இடத்துக்கிடம் நிறத்தாற் காட்டுகின்றன. ஆற்றோரத்தில் நிறம் அடர்த்தி. மலைப்பக்கம் போகப்போக வெளிறும். ஐம்பதாம் ஆண்டுப் படத்தில் அடர்த்தி மலைநோக்கிப் பரந்துவிடும். இதற்கு மறுபுறமும் உண்டு. ஆற்றுக்கு எட்டத்தில் உள்ள கிணறொன்றை இன்றைக்கே மூடிவிட்டாலும், அது முன்னர் இறைத்ததன் விளைவு மேலும் பல்லாண்டு ஆற்றை நோக்கி நடந்துகொண்டேயிருக்கும். 1970களில் அவர்கள் குளித்த நீருக்கு ஆறு இன்னமும் கடன் தீர்த்து முடியவில்லை என்று சொல்லலாம்.

மாதிரி என்பது கணக்கு; கண்டறிந்தது என்ன? பாழடைந்துபோன அச்சார்ள்ஸ்ரன் ஊரருகே ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் நிலையமொன்று உண்டு. அதன் பதிவுகள் 1904 முதல், இடையிடையே விட்டுப்போயினும், தொடர்கின்றன. அப்பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான நூலொன்று, இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்து ஆண்டு ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதென்று காட்டியது. மழை அந்த அளவுக்குக் குறையவில்லை. அப்படியாயின் குற்றவாளி கிணறுதானா? ஆராய்ந்தவர்கள் அவசரப்படவில்லை. கிணறு ஒரு காரணம். ஆனால் மேட்டுநிலப் புல்வெளி புதர்க்காடாக மாறியது, ஆற்றங்கரையில் மரம் அடர்ந்தது, படுகை ஆழ அரிபட்டது, இவையும் சேர்ந்திருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டனர். விரல் நீட்டுவதற்கு ஆள் கிடைத்ததும் ஆராய்ச்சியை முடித்துவிடுவோர் மலிந்த காலத்தில், இப்பொறுமையை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

அளக்கும் வழிகளும் பல. அவற்றுள் எமக்கு மிகப் பிடித்தது ஈர்ப்பைக்கொண்டு நீரை நிறுப்பது. நிலத்தின் கீழுள்ள நீர் குறைந்தால் அவ்விடத்துப் பொருட்டிணிவு குறையும். திணிவு குறைந்தால் புவியீர்ப்பும் ஓர் அணுவளவு குறையும். ஒரு மீற்றர் தடிப்புள்ள நீர்ப்படை நீங்கினால் ஈர்ப்பில் ஏற்படும் மாற்றம் இரண்டு கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. அதனையும் அளக்கும் கருவி உண்டு. கிணறு தோண்டாமலே, ஆண்டுக்காண்டு ஒரே இடத்திற் கருவியை வைத்துக் களஞ்சியத்தை நிறுத்துப் பார்க்கின்றார்கள். மரங்களுக்கு மேலே கோபுரம் நிறுத்தி, அவை காற்றில் விடும் நீராவியைக் கணக்கிடுகின்றார்கள். ரூம்ஸ்ரோனைச் சூழ்ந்த வால்நட் கல்ச் என்னும் சிற்றோடை நிலத்தில், 1953 முதல் விவசாயத் திணைக்களத்தார் மழையையும் ஓட்டத்தையும் அளந்துவருகின்றனர்.

சட்டத்தின் போக்கு இவ்வளவு நேர்த்தியாயில்லை. அரிசோனாவில் ஆற்று நீருக்கு ஒரு சட்டம், தரைக்கீழ்நீருக்கு வேறொரு சட்டம். ஆற்று நீரில் முந்தி எடுத்தவனுக்கு முந்திய உரிமை. நிலத்தடியில் ஊறும் நீரோ நிலச் சொந்தக்காரன் இறைத்துக்கொள்வது. இரண்டுக்கும் எல்லை எங்கே? ஆற்றோடு ஒட்டி அடியில் ஓடும் நீர் மட்டும் ஆற்றைச் சேர்ந்தது என்று 1931இல் அம்மாநிலத்து மீயுயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வெல்லையை நிலத்திற் கீறிக்காட்டும் வழக்காடல் தலைமுறைகளைக் கடந்து நடந்தது. தைஸ் தம் சூத்திரத்தை எழுதுமுன் எழுந்த தீர்ப்பு அது என்பதால் நீதியரசரை நோவதிற் பயனில்லை. ஆனால் அறிவு மாறியபின்னும் கோடு அங்கேயே கிடப்பது வியப்பே. 1980இல் தரைக்கீழ்நீரைக் கட்டுப்படுத்த மாநிலம் இயற்றிய சட்டம் குறிப்பிட்ட சில பகுதிகளுக்கே இறுக்கமாக உரியது. மேற் சான் பெத்ரோவை அவ்வட்டத்துட் சேர்ப்பதில்லை என்று 2005இல் முடிவாயிற்று. சியரா விஸ்தாவில் சுமார் 7,000 வீடுகள் கட்டும் திட்டமொன்று வந்தபோது, காப்பு நிலத்துக்குரிய நீருரிமை அளவு இன்னும் தீர்க்கப்படாதிருக்க இதற்குப் போதிய நீர் உண்டென்று சான்றிதழ் கொடுக்கலாமா என்று வழக்கு நடந்தது. அளவு தீராத உரிமையை அச்சான்றிதழுக்காகக் கணக்கில் எடுக்க வேண்டிய கடமை இல்லை என்று 2018இல் மீயுயர் நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். வரிசையின் கடைசியில் நிற்பவர், தமக்கு எத்தனை மரக்கால் என்று எழுதி வாங்கவில்லை என்பதற்காக அவர் அங்கே நிற்கவில்லை என்று ஆகிவிடுமா?

இதற்காக அவ்வூராரைப் பொல்லாதவர் என்று எண்ணுதல் தகாது. 1998இல் நகரும் பாசறையும் மாநில, மத்திய அரசின் திணைக்களங்களும் இயற்கை பேணும் சங்கத்தாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து கூட்டமைப்பொன்றை உண்டாக்கினர். 2011ஆம் ஆண்டுக்குள் இறைப்பு நீடித்து நிற்கத்தக்க அளவுக்கு வரவேண்டும் என்று 2003இற் காங்கிரஸ் சட்டமியற்றியது. பாசறையின் இறைப்பு 1980களின் இறுதியில் இருந்ததிற் பாதிக்கும் கீழே இறங்கியது. நகரின் கழிவுநீர் 2002 முதல் தூய்மை செய்யப்பட்டு, குளங்களில் விடப்பட்டு, மண்ணுட் புகுகின்றது. இவ்வளவு செய்தும் 2011இல் வரவும் செலவும் சரிவரவில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ஏக்கர்-அடி துண்டு விழுந்தது. ஏக்கர்-அடி என்பது பதினாறு பரப்பு வயல் முழுவதும் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர். வரவு செலவுக் கணக்கு ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் அதற்குள் அனைவரும் உணர்ந்திருந்தனர். 2016இல் வெளியான அறிக்கை, ஊற்று, ஆற்றோட்டம், கிணற்று மட்டம் முதலாக 14 அறிகுறிகளை எடுத்து, இன்ன இடத்தில் நலம், இன்ன இடத்தில் நலிவு என்று வைத்தியர் நாடி பார்ப்பது போற் பார்த்தது. ஆற்றின் நீளம் முழுவதும் ஒரே நோய் அன்று. சில பகுதி திடமாக, சில பகுதி மெலிந்து இருக்கின்றது.

இதிலிருந்து ஒரு கெட்டித்தனமான யோசனை பிறந்தது. பறித்த நீரை எங்கேனும் திருப்பிக் கொடுப்பதைவிட, மெலிந்த பகுதிக்கு அருகில், ஆற்றோரமாகவே கொடுத்தால் என்ன? களஞ்சியத்தை முழுக்க நிரப்புவது ஆகாத காரியம். கடைசியில் நிற்பவரின் பெட்டியில் நேரே ஒரு பிடி போடலாமே. ஆற்றோர நிலங்கள் சில வாங்கப்பட்டன. அங்கே வீடு எழாது, கிணறு எழாது. மழைவெள்ளத்தை மறித்து நிலத்துட் புகுத்தும் குளங்களுள் ஒன்று, நாட்டெல்லைக்கு அருகே பலோமினாஸ் என்னுமிடத்தில், 2014இல் தொழிற்படத் தொடங்கியது. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வாறு தீமையைத் தாமதப்படுத்துகின்றதோ, அவ்வாறே குளத்துக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள குறுக்கம் நன்மையை விரைவுபடுத்தும் என்பதே இதன் கணக்கு.

2005 யூலையில், மாரிமேகம் பிந்திய ஒரு கோடையில், சார்ள்ஸ்ரன் நிலையத்தில் ஆற்றின் ஓட்டம் நின்றது. பதிவு வைக்கத் தொடங்கிய நாள்முதல் அங்கு அப்படி நடந்ததில்லை. மழை வந்தபின் ஆறு மறுபடி ஓடியது. அன்றுதொட்டு ஊர்ப் பத்திரிகைகளும் இவ்வாற்றைப் பற்றிக் கூடுதலாக எழுதலாயின.

ஆயினும் அதற்கு ஆறு ஆண்டு முன்னரே, 1999இல், ஊரார் ஒரு வழக்கத்தைத் தொடங்கிவிட்டனர். யூன் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை ஆண்டின் மிக வறண்ட காலத்தைச் சேர்ந்தது. அன்று அதிகாலையில், வெயில் ஏறுமுன், ஆசிரியர், ஓய்வுபெற்ற படைவீரர், மாணவர், மாடு வளர்ப்போர் எனப் பலரும் கூடிப் பகுதி பகுதியாகப் பிரிந்து ஆற்றுப் படுகையில் இறங்கி நடக்கின்றனர். சிலர் குதிரையிற் செல்வதும் உண்டு. கையில் இடங்காட்டும் கருவி ஒன்று. நீர் எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது, எங்கே மறுபடி தொடங்குகின்றது என்று குறிப்பதே வேலை. எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்பதெல்லாம் வேண்டாம். ஈரமா, காய்ந்ததா என்ற ஒன்றே போதும். மாலையில் எல்லாக் குறிப்பையும் ஒட்டினால், நீலத்துண்டும் வெறுந்துண்டுமாக ஆற்றின் அவ்வாண்டுப் படம் கிடைத்துவிடும். பின்னாளில் எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோவில் உள்ளோரும் இந்நடையிற் சேர்ந்துகொண்டனர்.